சந்தேகம்: பழைய மேரியோ இப்போது வேகமாக ஓடுகிறது, குதிப்பு தாமதமாகிறது. கேம் மாறிவிட்டதா, நான் மாறிவிட்டேனா?

மொட்டைமாடி:
வணக்கம். 90களின் கடைசியில் எங்கள் வீட்டில் டிவி கேம் இருந்தது. ஆன்டெனா வயர் சொருகும் இடத்தில் சொருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் வரவழைக்கிற வகை. சூப்பர் மேரியோ, கான்ட்ரா, டேங்க் (பேட்டில் சிட்டி) மூன்றும் ஒரே கேசட்டில். கோடை விடுமுறை முழுக்க நானும் அண்ணனும் அதன் முன்னால்தான் கிடப்போம். இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. அந்த கேம்கள் இன்றைக்கும் சுவாரசியமாக இருக்கின்றனவா என்று அவளோடு சேர்ந்து ஆடிப் பார்க்க ஆசை. லேப்டாப்பில் மெசென் எமுலேட்டர் (பழைய கேம் மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டு, எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பெரிய டிவியில் இணைத்தேன்.

பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் மேரியோ குதிக்கிறார். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழிகளில் விழுகிறேன். அது தவிர, கேமே வேகமாக ஓடுகிறது. பாட்டும் அவசரமாகக் கேட்கிறது, ஆனால் சுருதி மட்டும் மாறவில்லை. ஞாபகம் என்னை ஏமாற்றுகிறதா? எதைச் சரி செய்ய வேண்டும்?

ஈயப்பற்று:
தாமதத்துக்கு டிவிதான் முதல் காரணமாக இருக்கும். இன்றைய டிவிகள் வரும் படத்தை வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். டிவி மெனுவில் ‘கேம் மோட்’ இருக்கும், அதைப் போடுங்கள். மெசெனில் ‘ரன் அஹெட்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அடுத்த படத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத் தாமதத்தைக் குறைக்கும். அதில் 1 வைத்தால் மேரியோவுக்குப் போதும். கூட்டினால் அசைவு வெட்டி வெட்டி வரும்.

டேங்க்35:
வேகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் ஞாபகம் சரியாகத்தான் இருக்கும். 1985இல் வந்த மேரியோ, ஜப்பான், அமெரிக்க டிவிகளுக்காக நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் எழுதப்பட்டது. நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. நம் வீடுகளுக்கு வந்தவை நின்டெண்டோ மெஷினின் நகல்கள், அவை அதே கேமை 50இல் ஓட்டின. மேரியோவின் ஓட்டம், எதிரிகளின் நடை, பாட்டின் தாளம் எல்லாமே படக்கணக்கில் நகர்பவை, அதனால் எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகின. ஆனால் இந்த நகல்களின் சிப் ஓடிய வேகம் கிட்டத்தட்ட அசலின் வேகம்தான். சுருதி மாறாமல் தாளம் மட்டும் தளர்ந்தது அதனால்தான். நீங்கள் காதில் பிடித்த வித்தியாசமே பெரிய துப்பு.

பழைய மெஷின் எங்காவது இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் கட்டத்தில் மேரியோவை நகர்த்தாமல் நிறுத்திவிட்டு, மேலே இருக்கும் டைம் 400இலிருந்து 300க்கு வர எத்தனை நொடி என்று போனில் பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் 24 படம். 60இல் ஓடினால் 40 நொடி வரும், 50இல் ஓடினால் 48.

மொட்டைமாடி:
அண்ணன் வீட்டுப் பரணில் மெஷின் இருந்தது! கேசட்டைத் துடைத்து, பழைய டப்பா டிவியில் போட்டு வீடியோ காலில் காட்டினார். 48 நொடி. என் லேப்டாப்பில் 40. மனசு லேசாகிவிட்டது. கேம் மோட் போட்டதும் தாமதமும் பெருமளவு போய்விட்டது. எமுலேட்டரையும் 50க்கு மாற்றுவது எப்படி?

டேங்க்35:
ரீஜன் என்ற இடத்தில் ‘டெண்டி’ என்று தேர்ந்தெடுங்கள். 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் மெஷினின் பெயர் அது. ‘பால்’ என்பதைத் தொடாதீர்கள், அது ஐரோப்பிய அசல் மெஷினுக்கானது. அதில் சிப்பும் மெதுவாக ஓடுவதால் சுருதி இறங்கிவிடும்.

மொட்டைமாடி:
மாற்றிவிட்டேன். அதே பாட்டு, அதே நடை! ஆனால் திரை நகரும்போது லேசாகக் குலுங்குகிறது.

ஈயப்பற்று:
லேப்டாப் இன்னும் 60இல்தான் டிவிக்கு அனுப்புகிறது. 50 படத்தை 60 இடத்தில் பரப்பினால் சில படங்கள் இரண்டு முறை வரும், அதுதான் குலுக்கல். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட்டை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். உங்கள் டிவி ஏற்றால் அங்கேயே பட்டியலில் இருக்கும்.

கோடைக்காற்று:
ஒரு மாற்றுக் கருத்து. பழைய ஞாபகத்துக்கு 50 நல்லது. ஆனால் கேம் இன்றைக்கும் நிற்கிறதா என்று எடை போட வேண்டுமானால் 60இல் ஆடுங்கள். எழுதியவர்கள் அளந்து வைத்த குதிப்பு அதுதான். நாம் பார்த்தது ஒருவகையில் தளர்ந்த மேரியோ. மகளுக்கு முதல் அனுபவமே அசல் வேகத்தில் இருக்கட்டுமே.

மொட்டைமாடி:
ஒரு வாரம் இரண்டிலும் ஆடினோம். கோடைக்காற்று சொன்னதை முக்கால்வாசி ஏற்கிறேன். மகளுக்கு 60தான் பிடிக்கிறது, 50இல் ‘தூங்குதுப்பா’ என்கிறாள். குதித்த பிறகும் நடுவானில் மேரியோவைக் கொஞ்சம் இழுத்துத் திருப்ப முடிகிறது இல்லையா, அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஒன்றுக்காகவே மேரியோ இன்னும் புதுசு. டேங்க் அதைவிட ஒரு படி மேல். நான் அவளைத் தெரியாமல் சுட்டு உறைய வைத்ததற்கு, நாங்கள் காக்க வேண்டிய கழுகை அவள் தானே சுட்டு ஆட்டத்தையே முடித்துவிட்டாள். நானும் அண்ணனும் போட்ட அதே சண்டை! இப்போது கட்டம் கட்டும் பகுதியில் அவளே செங்கல் அடுக்குகிறாள். கான்ட்ராவில்தான் அவள் மனம் ஒட்டவில்லை. ஒரு குண்டு பட்டாலே சாவு, பழக அவகாசமே தருவதில்லை. 30 உயிர் வரும் பட்டன் வரிசையைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மூன்றாவது கட்டம் பார்த்தாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கான்ட்ராவில் குண்டுகள் மினுங்கி மறைகின்றன. அது கோளாறா? இன்னொன்று, அண்ணனிடம் துப்பாக்கியும் இருக்கிறது. வாத்து சுடுகிற டக் ஹன்ட் இந்த டிவியில் வேலை செய்யுமா?

ஈயப்பற்று:
மினுங்குவது கோளாறு இல்லை. அந்த மெஷினால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. அதனால் கேமே அவற்றை மாற்றி மாற்றிக் காட்டும். மெசெனில் அந்த வரம்பை நீக்கலாம், நான் நீக்க மாட்டேன்.

துப்பாக்கி இந்த டிவியில் ஆகாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் தெரிகிறதா என்று துப்பாக்கி அந்தக் கணத்திலேயே பார்க்கும். டப்பா டிவி உடனே காட்டிவிடும். புது டிவி தாமதித்துக் காட்டுவதற்குள் கேம் ‘தவறிவிட்டது’ என்று முடிவு செய்திருக்கும். கேம் மோட் போட்டாலும் பயனில்லை, பழைய துப்பாக்கிகள் டப்பா டிவியின் மினுக்கலையே எதிர்பார்ப்பவை. அண்ணன் வீட்டு டிவியைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
ஞாயிற்றுக்கிழமை மகளோடு அங்கே போகிறேன். மூவருக்கும் நன்றி.