மலை ரோட்டில் டிரைக் மக்கர் செய்த அனுபவம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

சாய்மிதி

நீலகிரியில் கேத்தி பாலாடா ஏற்றத்தில் என் ரிகம்பென்ட் டிரைக்கின், அதாவது தாழ்வாகச் சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கிற மூன்று சக்கர சைக்கிளின், செயின் அறுந்தது. நம் வண்டிச் செயின் எவ்வளவு நீளம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், சாதாரண சைக்கிள் செயினைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதில் பெரும்பகுதி குழாயை விட்டு உருவிக்கொண்டு ரோட்டில் சாரைப்பாம்பு மாதிரி கிடந்தது. பிரேக்கை லாக் செய்துவிட்டு இறங்கினேன். உடைந்த கண்ணியைக் கழற்றி குயிக் லிங்க் (செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணி) போடுவது பெரிய வேலை இல்லை. ஆனால் சீட்டுக்கு அடியில் போகும் பிளாஸ்டிக் குழாய்க்குள் செயினை மறுபடி நுழைக்க வேண்டுமே, தள்ளத் தள்ள உள்ளேயே மடங்கிக்கொண்டது, கையெல்லாம் கிரீஸ், பனிமூட்டம் வேறு இறங்க ஆரம்பித்துவிட்டது.

பக்கத்தில் கேரட் கழுவி மூட்டை பிடிக்கிற இடம். அங்கிருந்து ஒரு அம்மா ஈரக் கையோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போய் சாக்கு தைக்கிற கோணி ஊசியைச் சரடோடு கொண்டுவந்து குழாயின் வாயில் விட்டார். "முன்னாடி தூக்கிப் பிடி தம்பி" என்றார். தூக்கினேன். ஊசி தன் கனத்திலேயே கிணுகிணுவென்று உள்ளே இறங்கி மறுமுனையில் வெளியே வந்தது. சரடைச் செயினில் கட்டி இழுத்தோம், வந்துவிட்டது. நான் கை துடைத்து நிமிர்வதற்குள் லாரிக்காரர் கூப்பிட்டார் என்று போய்விட்டார். ஊசி என்னிடமே தங்கிவிட்டது. பிறகு போனபோது அந்தக் கொட்டகையில் வேறு ஆட்கள், யாருக்கும் அவரைத் தெரியவில்லை. பெயர் கூடக் கேட்க முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

சக்கரத்தடம்

எனக்குக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது. அரவேணு தாண்டி, குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம், பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. இடது பிரேக் கேபிள் லிவருக்குள் இழை இழையாக விட்டிருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு வளைவில் லிவர் சும்மா கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது.

முன் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி பிரேக் என்பதால் இடது போனால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். வலப்பக்கம் என்றால் எதிரே வருகிற பஸ். காலை ஊன்றலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள், கால் தரையில் பட்டால் சட்டத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். பஸ் ஹாரன் மலை முழுக்க எதிரொலித்தது. உடம்பை முழுக்க இடப்பக்கம் சாய்த்து, ஸ்டீயரிங்கையும் இடது பக்கமே அழுத்திப் பிடித்து, நிறுத்தி வைக்கும்போது போடுகிற பின் பிரேக்கை இழுத்தேன். சக்கரம் மண்ணில் இறங்கி, ஓரத்து ஓடையில் முட்டி நின்றது. பஸ் கடந்தபோது அதன் டயர் என் தலைக்கு மேலே இருந்தது. அந்த உயரம்தான் கனவில் வருகிறது, பஸ் வருவதில்லை.

நேர்சவாரி

இரண்டையும் படித்தேன். சாதாரண சைக்கிளாக இருந்தால் இரண்டும் நடந்திருக்காது. செயின் குழாயில் போகாது, ஒரு பிரேக் போனால் இன்னொன்று நேராக நிறுத்தும். இவ்வளவு தாழ்வாக உட்கார்ந்துகொண்டு கொண்டை ஊசி வளைவில் வந்தால் பஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்? சமவெளியில் ஓட்டுங்கள், மலையில் வேண்டாம் என்பேன்.

பழைய ஸ்பேனர்

நேர்சவாரி, ஏற்றத்தில் நடை வேகத்துக்குக் கீழே போனாலும் டிரைக் விழாது, நடு ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு அப்படியே மறுபடி கிளம்பலாம். முட்டி வலிக்காரனான எனக்கு மலைக்கு ஏற்ற சைக்கிளே இதுதான். டிரைக்கில் மாட்டும் கொடிக்கம்பம் உயரமாக இருந்தால் டிரைவர் பார்ப்பார்.

என் கதை சின்னது. லவ்டேல் பக்கம் முன் டயர் பஞ்சர், ஒட்டினேன், கிளம்பினேன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எல்லாம் என்ன எடுத்துப் போகிறீர்கள் என்று கவலையாக இருக்கிறது. முன் சக்கரம் ஒரு பக்க அச்சில்தான் நிற்கிறது, அதனால் பஞ்சர் ஒட்ட சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், டயரை ஒரு ஓரமாகப் பிரித்து டியூபை வெளியே எடுத்தால் போதும். 20 இஞ்ச் சக்கரத்தில் 406, 451 (ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில்) என்று இரண்டு அளவு உண்டு, 406 என்றால் சிறுவர் பிஎம்எக்ஸ் சைக்கிள் டியூபே பொருந்தும், 451 என்றால் கையோடு கொண்டுபோங்கள். செயின் டூல், குயிக் லிங்க், பத்து கண்ணி உதிரிச் செயின், இரண்டு பிரேக் இன்னர் கேபிள். கேபிளை லிவர் முனையில் அடிக்கடி வளைத்துப் பாருங்கள், ஒரு இழை விட்டிருந்தாலும் மாற்றுங்கள். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல் விட்டு விட்டு அழுத்துங்கள், ஆயில் பிரேக் என்றால் சூட்டில் ஆயில் கொதித்து லிவர் மெத்தென்று போய்விடும், கேபிளில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பேட் தேயும். சீட்டுக்கு அடியில் செயினைத் தாங்கித் திருப்பிவிடும் ஐட்லர் உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் பேரிங் போகிறது. சாய்மிதி, உங்கள் செயின் அறுந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பூண்டு மூட்டை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகிற வழியில் கல் ஒன்று பட்டு, பின்னால் தொங்கும், கியர் மாற்றுகிற டெரெய்லர் திரும்பி ஸ்போக்கில் மாட்டி முறிந்தது. 20 இஞ்ச் சக்கரத்தில் அது தரைக்கு மிக அருகில் தொங்குகிறது, மலை ரோட்டுக் கல்லுக்கு அதுவே போதும்.

பூண்டு ஏற்றிக் கொடைக்கானல் திரும்பிய பிக்கப் ஒன்று நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் என் வண்டியைப் பார்த்ததுமே இறங்கி, "தம்பி நீ உள்ளே உட்காரு" என்றார். மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற மூன்று சக்கர வண்டி என்று நினைத்துவிட்டார். எனக்குக் கால் நன்றாக இருக்கிறது ஐயா, நான் மேலே ஏறிக்கொள்கிறேன் என்றேன். "வண்டி கெட்டுப் போச்சுல்ல, உட்காருப்பா" என்று சொல்லிவிட்டு மூட்டைகளுக்கு மேல் ஏறிவிட்டார். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் டிரைக் உருளாமல் முன் சக்கரத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார், மப்ளர் காற்றில் அவிழ்ந்து பறந்துகொண்டிருந்தது, அதைக் கட்டக்கூடக் கையை எடுக்கவில்லை. இறங்கியதும் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

நேர்சவாரி

நல்ல மனிதர்கள் கிடைத்தது வேறு, வண்டி பொருத்தமா என்பது வேறு. டெரெய்லர் தரையில் தட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

சக்கரத்தடம்

தட்டாமல் இருக்கப் பின் சக்கரம் மட்டும் 26 இஞ்சில் வருகிற டிரைக்கும் இருக்கிறது, என்னுடையது அதுதான். பழைய ஸ்பேனர் அண்ணா, கேபிள் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் என் லிவரில் கேபிள் முனை மூடிக்குள் மறைந்திருக்கிறது, மூடியைக் கழற்றாமல் பார்க்க வழி உண்டா?