1073-ஆம் ஆண்டு ஒற்றிப் பத்திரத்தில் பூட்டனின் பெயர் ஏன் இல்லை?

கேள்வி: தோவாளைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். தோவாளைத் தாலுகாவில் உள்ள எங்கள் பழைய வீட்டின் தட்டில் இருந்த தகரப் பெட்டியில் கொல்லம் (மலையாள) ஆண்டு 1073 மகர மாதத் தேதியிட்ட ஒற்றிப் பத்திரம் (நில அடமானப் பத்திரம்) ஒன்று கிடைத்திருக்கிறது. தமிழ் எழுத்தில், மலையாளச் சொற்கள் நிறையக் கலந்து எழுதப்பட்ட அதன் பின்பக்கத்தில், ஒற்றித் தொகை முழுவதும் திரும்ப வந்துவிட்டதாகப் பணம் தந்தவர் எழுதிக் கொடுத்த ரசீதும் உள்ளது. எங்கள் ஏலாவிலுள்ள (வயல்வெளியிலுள்ள) வயலுக்கு ‘சர்க்கார் பண்டாரவகை பாட்டம்’ என்று அதில் குறிப்பு இருக்கிறது. அந்த நிலம் ராஜா எங்கள் முன்னோருக்குத் தானமாகக் கொடுத்தது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான்.

எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்தவராக, ‘காரணவர்’ என்ற அடைமொழியோடு, குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டிராத ஒருவரின் பெயர் இருக்கிறது. அவருக்குக் கீழே ‘அனந்தரவர்’ என்று நான்கு பெயர்கள் வருகின்றன. நான்காவது பெயர் என் தாத்தாவுடையது, மைனர் என்ற குறிப்போடும் அவருடைய அம்மாவின் பெயரோடும். தாத்தாவின் அப்பா பெயர் எங்குமே இல்லை. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். ராஜா நிலம் கொடுத்த ஆவணத்தைக் கண்டுபிடித்தால் வம்சாவளியை மேலே கொண்டுபோக முடியுமா? எங்கே தேடுவது?

பதில்: பழையஏடு

ஐயா, மானிய நிலங்களைப் பற்றிய விவரங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகளைப் பாருங்கள். 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன், மானியம் பெற்றவர், அவர் வாரிசுகள், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையெல்லாம் ஊர்வாரியாக விசாரித்துப் பதிந்திருக்கிறது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களை அப்படித்தான் எடுத்தோம்.

பதில்: கல்குளம்வாசி

மேலே சொன்ன வழி திருநெல்வேலிக்குச் சரி, தோவாளைக்குப் பொருந்தாது. இனாம் கமிஷன் சென்னை மாகாணத்துக்கு உரியது. நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் முதலில் திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக 1956 நவம்பர் 1 வரை இருந்தவை. ஆகவே பழைய அரசு ஆவணங்களைத் தேடுகிறவர் வடக்கே போகாமல் மேற்கே திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். அரசர் பிறப்பித்த நீட்டுகள் (ஆணைகள்), கண்டெழுத்துக் கணக்குகள் (நில அளவைக் கணக்குகள்), ஓலைச் சுருணைகள் (ஓலைக் கட்டுகள்) ஆகியவை கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் பழையவை வட்டெழுத்து, மலையாண்மை என்ற பழைய எழுத்துகளில் இருப்பதால், படிக்கத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாமல் போனால் கட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். என் முதல் பயணம் அப்படித்தான் முடிந்தது.

ஆனால் உங்கள் வயலுக்குத் தான ஆவணம் என்று ஒன்று கிடைக்கும் என நான் நம்பவில்லை. ‘பண்டாரவகை பாட்டம்’ என்றால் அரசுக்குச் சொந்தமான நிலத்தைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) வைத்திருப்பது. பணிக்காகக் கொடுத்த நிலமென்றால் ‘விருத்தி’ என்றும், பத்மநாபசுவாமி கோயிலுக்குரியதென்றால் ‘ஸ்ரீபண்டாரவகை’ என்றும் எழுதியிருப்பார்கள். 1865-இல் (கொல்லம் 1040) ஆயில்யம் திருநாள் காலத்தில் வெளிவந்த பாட்ட விளம்பரம் என்ற அரச அறிவிப்பு, பண்டாரவகை பாட்டக்காரர்களுக்கு அந்த நிலங்களை விற்கவும் ஒற்றி வைக்கவும் வாரிசுகளுக்கு விடவும் முழு உரிமை கொடுத்தது. நேற்று வரை அரசின் பாட்டக்காரராக இருந்தவர், வரியைக் கட்டினால் போதும், நிலம் தன்னுடையது என்ற நிலைக்கு வந்தார். அந்த மாற்றத்தைத்தான் இரண்டு தலைமுறைக்குப் பிறகு ‘ராஜா கொடுத்தது’ என்று பாட்டிமார் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த உரிமை இல்லாவிட்டால் 1073-இல் உங்கள் காரணவர் இப்படி ஒற்றி வைத்திருக்கவே முடியாது.

தேதியையும் சரியாக மாற்றிக்கொள்ளுங்கள். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில் பிறப்பதால், ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும், அதற்குப் பிந்திய மாதங்களுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். 1073 மகரம் என்பது 1898 ஜனவரி–பிப்ரவரி. இந்த ஓராண்டுப் பிழையால் மகன் பிறக்கும் முன்பே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதாகக் காட்டும் வம்சாவளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பதில்: ஏலாக்கரை

பூட்டனின் பெயர் இல்லாததுதான் அந்தப் பத்திரத்தில் மிகத் தெளிவான செய்தி. உங்கள் குடும்பம் அன்று மருமக்கள்வழியில், அதாவது சொத்து தாய்வழியில் மாமனிடமிருந்து மருமக்களுக்குப் போகும் முறையில், இருந்திருக்கிறது. காரணவர் என்பவர் தறவாட்டின் (தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின்) மூத்த ஆண்; அனந்தரவர் என்போர் அவருடைய சகோதரிகளின் வழியில் வந்தவர்கள். மைனரின் பெயரோடு அப்பாவைச் சொல்லாமல் அம்மாவைச் சொல்லியிருப்பதன் காரணம் அதுவே. அந்தக் காரணவர் பெரும்பாலும் உங்கள் தாத்தாவின் தாய்மாமனாக, அல்லது அந்த அம்மாவின் தாய்மாமனாக இருப்பார். உங்கள் பூட்டனுக்கு அந்த வயலில் உரிமையே கிடையாது. அவர் வேறொரு தறவாட்டின் அனந்தரவர். அவரைத் தேட வேண்டுமானால் அவருடைய தாய்வீட்டு ஊரின் பத்திரங்களைத்தான் புரட்ட வேண்டும். நீங்கள் நாஞ்சில்நாட்டு வேளாளர் குடும்பமென்றால், தந்தை வழியில் மனைவி மக்களுக்குச் சேர்ந்த ‘உகந்துடைமை’ என்ற சொல்லையும் கவனித்து வாருங்கள். அப்பாவும் பிள்ளைகளும் ஒரே தாளில் வருகிற அரிய இடம் அது.

தண்டப்பேர்க் கணக்கை (யார் பெயரில் நிலவரி என்று காட்டும் கணக்கை) நம்பி வம்சாவளி எழுதாதீர்கள். இறந்தவரின் பெயரிலேயே பல ஆண்டுகள் தீர்வை கட்டிக்கொண்டிருப்பது நம் ஊரில் இன்றும் சாதாரணம். அதைவிட நல்லது பாகப்பிரிவினைப் பத்திரம். 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகு தறவாடுகள் பிரிந்தன. அந்தப் பத்திரங்களில் பங்கு பெறும் ஒவ்வொருவரையும், கைக்குழந்தை உட்பட, தாய்வழியோடு வரிசைப்படுத்தி எழுதுவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் காரணவரின் பெயரையும் ஊரையும் கொடுத்துப் பழைய புத்தகங்களில் தேடச் சொல்லுங்கள்.

பதில்: விளையோரம்

இத்திரியில் பேசப்படும் ஆவணங்களெல்லாம் நிலம் வைத்திருந்தவர்களுக்கு உதவும். நிலத்தில் வேலை செய்தவர்களின் பேரன்மாருக்கும் ஒரு வார்த்தை சொல்கிறேன். அழகியபாண்டிபுரத்து முதலியார் குடும்பத்தில் இருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை திரட்டிய ஓலைகளில், நிலத்தையும் வரியையும் பற்றியவற்றோடு, அடிமைகளை விற்ற ஓலைகளும் உள்ளன. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முந்திய ஆவணங்களில் எங்களைப் போன்றவர்களின் முன்னோர் வருவதானால், வாங்கியவராகவோ விற்றவராகவோ வரமாட்டார்கள், விற்கப்பட்டவராகத்தான் வருவார்கள். அவர்களுக்குக் கிறிஸ்தவச் சபைப் பதிவேடுகளே கைகொடுக்கும். மயிலாடியில் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தது முதல் வளர்ந்த சபைகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளிலிருந்துதான் என் பாட்டியின் தாத்தா பெயரை நான் கண்டேன். அதற்கு மேலே போக இதுவரை எனக்கு வழி கிடைக்கவில்லை.

மறுமொழி: தோவாளைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஏலாக்கரை ஐயாவின் பதிலைப் படித்தவுடன் என் அத்தையை அழைத்துக் கேட்டேன். அந்த வயலை எங்கள் வீட்டில் இன்றும் ‘மாமன்வயல்’ என்றுதான் சொல்கிறோம். யாருடைய மாமன் என்று இத்தனை வருடமாக ஒருவரும் கேட்டதில்லை. தாத்தாவின் அப்பா தாழக்குடியிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தவர் என்பது மட்டும் அத்தைக்கு நினைவிருக்கிறது. வரும் வாரம் இங்கே பாகப்பிரிவினைக்கும், அதன் பிறகு தாழக்குடிப் பத்திரங்களுக்கும் தேடுதல் விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். திருவனந்தபுரப் பயணத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.