செய்யாத குற்றத்துக்கு இ-சலான்: கட்டிவிடலாமா, வழக்காடலாமா?

கேள்வி:
மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். பாம்பன் சாலையில் தலைக்கவசமின்றிச் சென்றதாக 1,000 ரூபாய்க்கு இ-சலான் (மின்னணு அபராதச் சீட்டு) வந்துள்ளது. ஆனால் அன்று முழுவதும் என் வண்டி பட்டறையில் சங்கிலி மாற்றுவதற்காக நின்றது. சலானிலுள்ள படத்தைப் பெரிதாக்கினால் எண் பலகையின் கடைசி எண் 3 ஆ, 8 ஆ என்றே தெரியவில்லை. என் வண்டி கறுப்பு, படத்திலிருப்பதோ சிவப்பு. ராமநாதபுரம் நீதிமன்றத்துக்கு அலைந்தால் வியாபாரம் கெடுமே என்று தயங்குகிறேன்.

பதில்:
தம்பி, நானும் தங்கச்சிமடத்தில் இப்படித்தான் அலைச்சலுக்குப் பயந்து, செய்யாத தவறுக்குப் பணத்தைக் கட்டினேன். அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

பதில்:
பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்பதால் அவசரப்படாதீர்கள். தலைக்கவசம் அணியாததற்கான மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவு அபராதத்தோடு நிற்பதில்லை. மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பையும் சொல்கிறது. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு 1,000 ரூபாயைவிட அதுவே பெரிய இழப்பு. முதலில் ஒன்றிய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனின் இ-சலான் தளத்தில் உள்ள புகார்ப் பகுதியில், பதிவுச் சான்று, தேதியிட்ட பட்டறை ரசீது, எண் பலகை தெரியும்படி எடுத்த உங்கள் வண்டியின் படம் ஆகியவற்றை இணைத்து முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் மட்டும் நீதிமன்றம் செல்லுங்கள். நிறமே வேறு என்பது வலுவான சான்று. தலைக்கவசமின்றிச் சென்றது உண்மையாக இருந்திருந்தால், கட்டிவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. பட்டறைக்காரர் ரசீதில் தேதியுடன் வண்டி எண்ணையும் எழுதியிருக்கிறார். இன்றிரவே புகாரைப் பதிவு செய்கிறேன்.