ஆந்த்ரேயா டோரியாவில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? – அனுபவப் பகிர்வு

நியூயார்க் நாடோடி

ஆந்த்ரேயா டோரியா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல் மூழ்கிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, மூடுபனியில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் கப்பல் மோதியது. மறுநாள் காலை 10.09-க்கு டோரியா முழுகிப்போனது. இரண்டு கப்பலிலுமாக 51 பேர் இறந்தார்கள். யூடியூபில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், அதை இங்கே மறுபடி எழுத வேண்டாம்.

நான் கேட்பது வேறு. அதற்கு முன் அந்தக் கப்பல் அட்லாண்டிக்கை நூறு முறை பத்திரமாகக் கடந்திருக்கிறது. அதில் வந்து இறங்கி, இங்கே குடும்பம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் யாரையாவது நேரில் சந்தித்தீர்களா? டோரியாதான் என்றில்லை. சட்டூர்னியா, வல்கானியா, கிறிஸ்டோஃபரோ கொலம்போ என்று எந்த இத்தாலியக் கப்பலானாலும் சரி.

முதலில் என்னுடையது. நான் இருப்பது ஸ்டேட்டன் தீவு. இத்தாலிய வம்சாவளியினர் நிறைந்த இடம்; இலங்கைக்காரர்களும் கணிசமாக உண்டு. எங்கள் தெருமுனை சலூனில் கத்தரி பிடிக்கும் பெரியவர், 1954-ல் ஒன்பது வயதுப் பையனாக அம்மா, தங்கையோடு நேப்பிள்ஸில் டோரியா ஏறியவர். அப்பா முன்பே இங்கே வந்து கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

டோரியா என்றாலே சுவரோவியங்களையும் கூடங்களையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். போரில் நல்ல கப்பல்களையெல்லாம் பறிகொடுத்த இத்தாலி, ஜெனோவாவை ஒட்டிய செஸ்த்ரி பொனென்தேயில் கட்டி 1951-ல் நீரில் இறக்கிய கப்பல். பெயர்பெற்ற கலைஞர்களை வைத்து அலங்கரித்தார்கள். முதல் வகுப்புக் கூடத்தில், கப்பலுக்குப் பெயர் தந்த அட்மிரல் ஆந்த்ரேயா டோரியாவுக்கு வெண்கலச் சிலை. நம்ம பெரியவர் இதில் ஒன்றையும் பார்த்ததில்லை. முதல் வகுப்பில் 218 பேருக்கு இடம், கேபின் வகுப்பில் 320, அவர் வந்த டூரிஸ்ட் வகுப்பில் 703. டூரிஸ்ட் என்று பெயர்தானே தவிர, அதில் வந்தவர்களில் பலர் ஊரில் இருந்ததை விற்றுவிட்டுக் கிளம்பியவர்கள்.

அவருக்கு நினைவிருப்பது சாப்பாடு. மேசையில் ஒயின் குப்பி கேட்காமலே வந்து நின்றதாம். இதற்குத் தனியாகக் காசு கேட்பார்களோ என்று பயந்து அம்மா யாரையும் தொடவிடவில்லை. பக்கத்து மேசைக்காரர் இரண்டாவது குப்பி வாங்கியதைப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்திருக்கிறது. மூன்று வகுப்புக்கும் தனித்தனி நீச்சல் குளம். இவருக்கு நீந்தத் தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேல் தளத்துக் குளத்தில் யார் குளிக்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதே வேலை.

இறங்கியது மன்ஹாட்டன் மேற்கு 44-ஆம் தெருவின் கோடியில், 84-ஆம் துறைமேடை. இன்று அது பூங்கா, நாய்களுக்குத் தனி அடைப்பு எல்லாம் இருக்கிறது. நான் ஒருமுறை அவரைக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். "பார்க்கிங் கிடைக்காது" என்று முடித்துவிட்டார்.

கப்பல் மூழ்கிய செய்தி வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. தெருப் பையன்கள் எல்லாம் வந்து கேட்க, தான் கால் வைக்காத முதல் வகுப்புக் கூடத்தைப் பற்றிக்கூட அளந்து விட்டாராம். அந்த வாரம் முழுக்க அவர்தான் தெருவுக்கு ராஜா.

ஸ்காபரோ அக்கா

நான் ரொறன்ரோவில முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். எங்கட இல்லத்தில இத்தாலி ஆக்கள் கனபேர். ஒரு ஆச்சி சட்டூர்னியாவில வந்தவா. 1950-களின்ர கடைசிப் பகுதி. டோரியா மாதிரிப் புதுசு இல்லை அது, 1927-ல இருந்து ஓடின பழங்கப்பல். நேப்பிள்ஸ், பலெர்மோ எண்டு ஒவ்வொரு துறைமுகமா ஆக்களை ஏத்திக்கொண்டு ஹலிஃபாக்சுக்கு வாறது. பத்து நாளுக்கு மேல கடல்.

அவா வரேக்க கலியாணம் முடிஞ்சுது, ஆனா மாப்பிள்ளையைக் கண்டதில்லை. மாப்பிள்ளை கனடாவில, பொம்பிளை கலாப்ரியாவில. கோயிலில மாப்பிள்ளைக்குப் பதிலா அவற்ற தமையன் நிண்டு கையெழுத்து வைச்சவராம். பதிலாள் கலியாணம் எண்டு அந்தக் காலம் இத்தாலியில இது சாதாரணம். கப்பலில இவாவின்ர அறையில நாலு பொம்பிளையள், அதில இன்னும் ரெண்டு பேர் இப்பிடித்தானாம். ஒவ்வொருத்தரும் தன்ர ஆளின்ர படத்தைத் தலையணைக்குக் கீழ வைச்சு, ராவில எடுத்து ஆளுக்காள் காட்டி, ஆர் வடிவு எண்டு சண்டை.

ஹலிஃபாக்சில 21-ம் துறைமேடை. 1928-ல இருந்து 1971 வரைக்கும் ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் அதுக்குள்ளால கனடாவுக்கு வந்தவை. சுங்கக்காரர் இவாவின்ர தாய் கட்டிக் குடுத்த சலாமியையும் சீஸையும் பறிச்சுப்போட்டினம். அறுபது வருசம் கழிச்சும் அதுக்கு இன்னும் மன்னிப்பில்லை. பதிலுக்குக் காலமை குடுத்தது கோர்ன் ஃப்ளேக்ஸ். கோழித்தீன் எண்டு நினைச்சு ஒருத்தரும் தொடேல்லையாம். பிறகு கோச்சி (ரயில்) ஏறி ரொறன்ரோ யூனியன் ஸ்டேசன். அங்க ஒரு ஆள் பூவோட நிக்கிறார். படத்தில இருந்த தலைமயிர் ஸ்டேசனில நிண்டவருக்கு இல்லை. "திரும்பிப் போகக் காசில்லை, அதால ஐம்பத்தி மூண்டு வருசம் குடும்பம் நடத்தினன்" எண்டு சிரிப்பா.

ஒருநாள் என்னைக் கேட்டா, நீங்கள் எப்பிடி வந்தனீங்கள் எண்டு. நான் பிளேனில வந்தனான். ஆனா என்ர மாமி மகன் 1986-ல நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அங்கால ரெண்டு உயிர்காப்புப் படகில மிதந்த 155 தமிழ் அகதியளில ஒருத்தர். மீன்பிடி வள்ளக்காரர் கண்டு ஏத்தினவை. அட்லாண்டிக் எண்டா எங்கட வீட்டில அந்தக் கதைதான். அதைச் சொன்னன். ஆச்சி கனநேரம் பேசாமல் இருந்திட்டு, "சாப்பிட என்ன குடுத்தவை?" எண்டுதான் கேட்டா.

பழைய கார் பைத்தியம்

நான் யாரையும் சந்திக்கவில்லை. ஆனால் ஒரு பயணியைச் சொல்லாமல் விட மனசில்லை. இத்தாலியின் தூரின் நகரத்து கியா (Ghia) பட்டறையில், அமெரிக்க கார் கம்பெனி கிறைஸ்லருக்காகக் கையால் செய்த நார்ஸ்மன் என்ற சோதனை மாதிரிக் கார். உலகத்திலேயே ஒன்றுதான். அதுவும் டோரியாவின் கடைசிப் பயணத்தில்தான் வந்தது, கடலடியில்தான் கிடக்கிறது. சரி, தொடருங்கள்.

தூத்துக்குடி மாலுமி

இந்த மோதலைப் படிக்காம எந்த நாட்டுலயும் டெக் ஆபீசர், அதாவது கப்பலை ஓட்டுற அதிகாரி, ஆக முடியாது. ரேடார் இருந்ததாலயே நடந்த மோதல்னு வகுப்புல சொல்லுவாங்க. ரெண்டு கப்பலும் ஒண்ணை ஒண்ணு ரேடார்ல பாத்தாச்சு. டோரியா, எதிர்க்கப்பல் நமக்கு வலப்பக்கமா போயிடும்னு நினைச்சு கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்குது. ஸ்டாக்ஹோம், அவன் நமக்கு இடப்பக்கம் வர்றான்னு நினைச்சு வலது பக்கம் திருப்புது. ரெண்டு பேரும் ஒதுங்குறதா நினைச்சு ஒரே புள்ளிக்கு வந்து சேர்றாங்க. டோரியாவோட பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டுற அறையில, ரேடார் புள்ளிகளை யாரும் பிளாட் போடல, தாள்ல குறிச்சு எதிர்க்கப்பல் போற வழியைப் பாக்கல. மூடுபனியிலயும் வேகம் ஏறக்குறைய 22 நாட், மணிக்கு 40 கிலோமீட்டர் மாதிரி. நியூயார்க்ல காலையில நேரத்துக்குக் கட்டணும்ல. ஒருத்தரோட ஒருத்தர் ரேடியோவுலயும் பேசிக்கல. யார் தப்புன்னு கடைசி வரைக்கும் நீதிமன்றம் சொல்லல. ரெண்டு கம்பெனியும் வெளியிலேயே பேசி முடிச்சுக்கிட்டாங்க.

நாடோடி அண்ணன் ஆளுங்களைப் பத்திக் கேட்டாரு. நான் சந்திச்சது மோதின கப்பலை. நெசமாத்தான். ஸ்டாக்ஹோமுக்கு புரூக்ளின்ல புது மூக்கு வெச்சு ஓட்டிட்டாங்க. 1960-ல கிழக்கு ஜெர்மனிக்கு வித்தாங்க, அப்புறம் பேர் மாறி மாறி கடைசியா அஸ்டோரியா. ரோட்டர்டாம்ல எங்க கப்பல் சரக்கு இறக்கினப்போ அது அங்க சும்மா கட்டிக் கிடந்துச்சு. எங்க சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த ஆபீசர்) ஜெனோவாக்காரரு. காட்டி, "அதுதான்" அப்படின்னாரு. பேரைக்கூடச் சொல்லல. எனக்கு ஒண்ணும் தோணல, ஏதோ பழைய பயணிகள் கப்பல். அவரு ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு.

அப்புறம்தான் கதை சொன்னாரு. 1989-ல அந்தக் கப்பலைப் புதுப்பிக்க இழுத்துட்டுப் போன ஊரு எது தெரியுமா? ஜெனோவா. டோரியாவோட சொந்தத் துறைமுகம். இவரு அப்போ சின்னப் பையன். சாவுக்கப்பல்னு பத்திரிகைக்காரங்க எழுதுனாங்களாம், இவரோட தாத்தா துறைமுகம் பக்கமே போக மாட்டேன்னுட்டாராம். தாத்தா டோரியாவுல பரிமாறுனவரு, கடைசிப் பயணத்துல லீவு. டோரியா கேப்டன் பியரோ கலமாய் பத்தி வீட்டுல யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல விடமாட்டாராம். கப்பலை விட்டு இறங்க மாட்டேன்னு நின்ன மனுசனை மத்த ஆபீசருங்கதான் வற்புறுத்தி இறக்கினாங்க. அதுக்கப்புறம் அவருக்குக் கப்பலே குடுக்கல. 1972-ல இறந்தாரு. ஸ்டாக்ஹோம் கேப்டனுக்கு மறு வருசமே புதுக் கப்பல் கிடைச்சுது. தாத்தாவோட கோபம் அதுலதான்.

2025-ல பெல்ஜியத்துல கென்ட் ஊருக்கு அதை உடைக்கக் கொண்டு போயிட்டாங்க. சீஃப் மேட்டுக்கு மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் மட்டும் பதிலா வந்துச்சு.

நூலகத்துக்காரி, நியூஜெர்சி

மேலே மாலுமி அண்ணா சிப்பந்திகளின் பக்கம் எழுதியிருக்கிறார். நான் பயணிகளின் பக்கத்தைக் கேட்டவள். எங்கள் நூலகத்தில் ஊர் மூத்தவர்களை அழைத்து வாய்மொழி வரலாறு பதிவு செய்வோம். அதில் வந்த ஓர் அம்மாள், எட்டு வயதில் அந்தக் கடைசிப் பயணத்தில் இருந்தவர். அம்மா, பாட்டியோடு நேப்பிள்ஸில் ஏறியிருக்கிறார்.

மறுநாள் காலை நியூயார்க் என்பதால் அன்று மாலையே பெட்டிகளை நடைபாதையில் அடுக்கிவிட்டார்களாம். மோதியதும் கப்பல் வலப்பக்கம் சாய, அந்தப் பெட்டிகளே வழியை அடைத்தன. மாடிப்படி முழுக்க எண்ணெயும் தண்ணீரும். செருப்பைக் கழற்றினால்தான் ஏற முடிந்தது. மேலே வந்து, உயர்ந்து நின்ற இடப்பக்கத்தில், சறுக்காமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். படகுகள் கண் முன்னாலேயே தொங்கின. ஆனால் கப்பல் அவ்வளவு சாய்ந்த பிறகு அந்தப் பக்கத்துப் படகுகளை இறக்க முடியாது. எல்லோருக்கும் போதுமான இடமிருந்தும் பாதிப் படகுகள் வெறும் காட்சிப் பொருளாகிவிட்டன. ஒலிபெருக்கியில் அவர்களுக்குப் புரியும்படி ஒன்றும் வரவில்லை.

மோதியும் மூழ்காமல் நின்ற ஸ்டாக்ஹோமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் படகுகளில் பெரும்பாலும் டோரியாவின் சிப்பந்திகளே இருந்தார்கள் என்பது அப்போதே பெரிய சர்ச்சை. அந்த அம்மாளிடம் கேட்டேன். கோபமில்லாமல் சொன்னார்: "எங்களை இறக்கிவிட்டதும் ஒரு வெயிட்டர்தான்." அவர் இடுப்பில் கயிறு கட்டி இறக்கப்பட்டார். அவரைவிடச் சின்னக் குழந்தைகளைக் கீழே படகில் விரித்துப் பிடித்த போர்வையில் போட்டார்கள். கயிறு அறுத்த தழும்பு உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது என்று காட்டினார். எனக்கு ரேகைதான் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணி வாக்கில் பிரெஞ்சுக் கப்பல் இல் து ஃபிரான்ஸ் வந்தது. நியூயார்க்கிலிருந்து கிளம்பி ஐரோப்பா போய்க்கொண்டிருந்ததை கேப்டன் ரவுல் த போதெயான் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். இருந்த விளக்கு எல்லாவற்றையும் போடச் சொல்லி, பெயர்ப்பலகையும் எரிய, பக்கத்தில் வந்து நின்றது. 753 பேர் அதில்தான் கரை சேர்ந்தார்கள். இந்த இடத்தை மட்டும் அந்த அம்மாள் இத்தாலிய மொழிக்கு மாறிச் சொன்னார். மகள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பாட்டி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் பேத்திகளின் கல்யாணத்துக்கென்று பல வருடம் பூவேலை செய்து சேர்த்த படுக்கை விரிப்புகள் ஒரு பெட்டி, கழற்றிக் கொண்டுவந்த தையல் மெஷின் தலை ஒன்று, இரண்டும் போயின. சாகும்வரை வீட்டில் எந்தத் துணி கிழிந்தாலும், "என் மெஷின் இருந்திருந்தால்" என்றுதான் ஆரம்பிப்பாராம். எங்கள் பதிவில் வீரத்தைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒரு வரி, இரண்டு வரி. மெஷினைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

செய்தி ஓடை

என் இதழியல் பேராசிரியர் வகுப்பில் சொன்னது, நேர் சந்திப்பு இல்லை, மன்னிக்கவும். அமெரிக்காவின் ஏபிசி வானொலியின் எட்வர்ட் மோர்கன் மறுநாள் மாலை இந்த விபத்துச் செய்தியை வழக்கம்போல் வாசித்தார். அவருடைய 14 வயது மகள் லிண்டா டோரியாவில் இருந்தாள், இறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தார்கள். அதை அவர் கேட்பவர்களிடம் சொல்லவே இல்லை. அவள் உண்மையில் ஸ்டாக்ஹோமின் நொறுங்கிய முன்பகுதியில் உயிரோடு கிடந்தாள். மோதியபோது அந்த முன்பகுதி அவளைப் படுக்கையிலிருந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதே அறையில் படுத்திருந்த தங்கை பிழைக்கவில்லை. தொழில்நெறிக்கு உதாரணமாகப் பேராசிரியர் இதைச் சொன்னார். எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. அன்று ஒருநாள் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லியிருக்கலாம்.

ஸ்காபரோ அக்கா

நூலகத்துக்காரி, மெஷின் கதையை ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டினன். "சரியாத்தான் சொல்லியிருக்கிறா" எண்டவா. ஒரு உதவி. ஆச்சிக்கு வாற மாதம் பிறந்தநாள். சட்டூர்னியாவின்ர படம் ஒண்டும், அவா வந்த பதிவும் எடுக்கலாமோ?

நியூயார்க் நாடோடி

அக்கா, நியூயார்க் வந்தவர்கள் என்றால் எல்லிஸ் தீவு (நியூயார்க்கின் பழைய குடியேற்ற நிலையம்) அறக்கட்டளையின் இணையப் பட்டியலில் 1957 வரை தேடலாம். உங்கள் ஆச்சி ஹலிஃபாக்சில் இறங்கியதால் அங்கே இருக்காது. 21-ஆம் துறைமேடையிலேயே இப்போது குடியேற்ற அருங்காட்சியகம் இருக்கிறது, குடும்ப வரலாறு தேடித் தரும் பிரிவும் உண்டு. கப்பல் படமும் அவர்களிடமே கேட்கலாம். ஒன்று கவனியுங்கள்: இத்தாலியப் பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் ஆவணத்தில் பிறந்த வீட்டுப் பெயர்தான். கணவர் பெயரில் தேடினால் கிடைக்காது. பிறந்தநாளுக்கு முன் வர வேண்டுமென்றால் இன்றே எழுதிவிடுங்கள்.