கின்தாமா: நான் தப்பான வாசல் வழியாக நுழைந்த கதை

கின்தாமா என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரை நான் இரண்டு தடவை பாதியில் விட்டவன். இரண்டு தடவையும் முதல் எபிசோடைத் தாண்டவில்லை. யார் யாரோ வருகிறார்கள், கத்துகிறார்கள், ஓடுகிறார்கள். தெரியாதவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அறைத்தோழன்தான் சொன்னான்: "முதல் ரெண்டையும் விட்டுடுடா. மாங்கா, அதான் மூல காமிக்ஸ், படிச்சவங்களுக்குத்தான் அது. கதை மூணுலதான் ஆரம்பிக்குது."

சரி என்று மூன்றாவதைப் போட்டேன். உணவகத்தில் வேலை பார்க்கும் ஷின்பச்சியை வேற்றுக்கிரக அமாந்தோக்கள் படுத்தி எடுக்கிறார்கள். அந்தக் களேபரத்தில் பக்கத்து மேசைக்காரனின் சாக்லேட் பர்ஃபே கொட்டிப்போகிறது. அவன்தான் கதாநாயகன் கின்தோகி. மரக்கத்தியை எடுத்து எல்லோரையும் சாத்து சாத்தென்று சாத்துகிறான். நியாயத்துக்காக எல்லாம் இல்லை. சர்க்கரை ஏறிப்போனதால் டாக்டர் வாரத்துக்கு ஒன்றுதான் அனுமதித்திருக்கிறார், அந்த ஒன்றும் போச்சு! கடைசியில் ரத்தக்கறை படிந்த கத்தியை ஷின்பச்சியிடமே விட்டுவிட்டு நழுவுகிறான். பழி ஷின்பச்சி தலையில். எங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு; அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே தெரியும்.

2006 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் தொடங்கிய தொடர், முதல் சீசன் 49 எபிசோடு. எனக்கு நாலு மாதம் ஆனது. காரணம், சப்டைட்டிலுக்கு மேலே ஓடும் குறிப்புகள். ஒவ்வொன்றையும் நிறுத்திப் படித்தேன். அதில்தான் விஷயம் பிடிபட்டது: 1853-இல் எடோ (இன்றைய டோக்கியோ) அருகே வந்து நின்ற அமெரிக்கக் கறுப்புக் கப்பல்களுக்குப் பதிலாக இங்கே விண்கலங்கள். 1876-இன் வாள் தடைதான் ஷின்பச்சி வீட்டு தோஜோவின் (வாள் பயிற்சிக்கூடம்) வறுமை. ஷின்செங்குமி என்ற நிஜ சாமுராய் காவல்படையின் ஹிஜிகதா தோஷிசோ இங்கே தோஷிரோ ஆகி, சோற்றின் மேல் மயோனைஸைக் கோபுரமாகப் பிழிந்து சாப்பிடுகிறார். வரலாற்றுப் புத்தகத்தில் அவர் படத்தைப் பார்த்தால் இனி எனக்கு மயோனைஸ்தான் ஞாபகம் வரும்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மூக்கு நோண்டும் ஜோக் ஒரு கட்டத்தில் சலித்தது. நடுவில் சில எபிசோடுகளைப் பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன்.

நாற்பத்தொன்பதையும் முடித்த ராத்திரி, முதல் எபிசோடை மறுபடி போட்டேன். அதே ஆட்கள், அதே கத்தல். 'ஸூரா' (விக்) என்ற பட்டப்பெயரை ஒவ்வொரு தடவையும் திருத்தும் கட்சுரா வாயைத் திறந்து "ஸூரா இல்லை, கட்சுரா" என்றதுமே நான் சிரித்த சிரிப்பில் அறைத்தோழன் எழுந்து உட்கார்ந்தான். மணி இரண்டரை. தலையணையை என் மேல் எறிந்துவிட்டு, "தள்ளி உட்காரு" என்றான்.