எப்பாக்ரிடேசியே: 'கூரிலை' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எப்பாக்ரிடேசியே என்ற தாவரக் கூட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில், ஐயா ஒருவர் 'உச்சிப்பூ' என்று முன்வைத்ததைப் படித்தேன். அக்கூட்டத்துக்குப் பெயர் தந்த பேரினமான எப்பாக்ரிஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் 'மலையுச்சியின் மேல்' என்ற பொருள் வருவதால் அப்படி வைத்திருக்கிறார். காதுக்கு இனிய சொல்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. விக்டோரியா மாநிலம் 1958இல் தன் மலராக அறிவித்த எப்பாக்ரிஸ் இம்ப்ரெஸா கடலோர மணற்பாங்கான புதர்களிலும் பூக்கிறது. இந்தச் செடிகள் மிகுந்திருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையிலும் பெரும்பகுதி சத்தில்லாத மணற்சமவெளி. 'உச்சிப்பூ' என்று பாடத்தில் படிக்கிற பிள்ளை இதை மலைச்செடி என்றுதான் நினைத்துக்கொள்ளும். மூலச்சொல்லின் பொருளை விட செடியைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் நமக்கு நல்லது.

'ஆஸ்திரேலிய எரிக்கா' என்ற இன்னொரு பரிந்துரையும் வேண்டாம். எரிக்கா வேறு பேரினம், அதன் இனங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தவை. அதோடு எப்பாக்ரிடேசியே செடிகள் ஆஸ்திரேலியாவோடு நிற்கவில்லை. நியூசிலாந்தில் டிராக்கோஃபில்லம் இருக்கிறது, ஹவாயில் புக்கியாவே இருக்கிறது, மலேசியா பக்கமும் ஓரினம் உண்டு.

சரி, செடியில் என்ன பார்க்கிறோம்? இவை இன்று சேர்க்கப்பட்டிருக்கும் எரிக்கேசியே என்ற பெரிய குடும்பத்தின் மற்றச் செடிகள் பெரும்பாலானவற்றில் மகரந்தப்பை நுனித்துளை வழியாகத் திறக்கும், இவற்றில் நீளவாக்கில் ஒரு கீறலாக வெடிக்கும். இது நுண்ணிய அடையாளம், பெயருக்கு ஆகாது. கண்ணுக்கும் கைக்கும் உடனே தெரிவது இலைதான்: விறைப்பாக, குறுகலாக, நுனி குத்துகிற மாதிரி இருக்கும். இருவித்திலைத் தாவரமாக இருந்தும் நரம்புகள் மூங்கில் இலையில் போல ஏறக்குறைய இணையாக ஓடும். டாஸ்மேனியாவின் ஈரக்காடுகளில் ரிச்சியா பண்டானிஃபோலியா என்று ஒன்று பத்து மீட்டருக்கு மேலும் வளர்கிறது, இலையே ஒரு மீட்டரைத் தாண்டும், பார்த்தால் தாழை என்றே சொல்வோம். நகத்தளவு இலை கொண்ட குறும்புதரும் இந்த நெடுமரமும் ஒரே கூட்டம், இரண்டிலும் இலைநுனி கூர்தான்.

அதனால் என் பரிந்துரை 'கூரிலை'. 'ஊசியிலை' பைன் வகைகளுக்கு ஏற்கெனவே போய்விட்டது. விதிவிலக்கு உண்டு, டாஸ்மேனியாவில் மரங்களில் ஏறிப் படரும் பிரியோனோட்டஸின் இலை குத்தாது. ஆனால் விதிவிலக்கே இல்லாத குடும்பப் பெயர் கிடைப்பது அரிது, பெரும்பான்மைக்குப் பொருந்தினால் போதும்.

வகைப்பாட்டில் இக்கூட்டத்தின் தகுநிலையும் மாறிவிட்டது, அதையும் கவனிக்க வேண்டும். 1810இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் தனிக் குடும்பமாக வகுத்ததை 1990களின் மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு எரிக்கேசியேவுக்குள் ஒரு துணைக்குடும்பமாகச் சேர்த்துவிட்டார்கள். பழைய நூலை மொழிபெயர்ப்பவர் 'கூரிலைக் குடும்பம்' என்றும் இன்று எழுதுபவர் 'கூரிலைத் துணைக்குடும்பம்' என்றும் போடலாம், அடிச்சொல் அப்படியே நிற்கும்.

அப்புறம் எரிக்கேசியேவுக்கே 'காட்டுப்பூவரசுக் குடும்பம்' என்று ஒருவர் கேட்டிருந்தார். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் அந்த மரம் அக்குடும்பம்தான், நம் மண்ணில் இருப்பது என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் பூவரசு செம்பருத்திக் குடும்பம். இரண்டையும் ஒரே பக்கத்தில் படிப்பவர் குழம்பிப் போவார். எரிக்கேசியேவை இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விடுவோம்.

ஹீத் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்பாக்ரிடேசியே செடிக்கும் சொல்கிறார்கள், அது வளரும் நிலத்துக்கும் சொல்கிறார்கள். குறிஞ்சியும் முல்லையும் நமக்கு அப்படித்தான் என்றாலும் இங்கே ஒரே சொல்லை இரண்டுக்கும் வைக்க வேண்டாம். அந்த நிலத்தில் பேங்க்சியா போன்ற வேறு குடும்பத்துப் புதர்களும் கலந்தே வளர்கின்றன. செடிக்குக் 'கூரிலை', நிலத்துக்குப் 'புதர்வெளி'. புல்வெளி என்பதோடு இயல்பாக ஒத்துப்போகிறது. மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள், குறிப்பாகத் தாவரவியல் கற்பிப்பவர்கள்.