சிஓபிடி நோயாளிக்கான அவசர அட்டை – ஆம்புலன்ஸ் பணியில் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அவசர அட்டை தயாரிக்கிறோம். மூச்சு முட்டும்போது அவர்களால் பேச முடியாது, அட்டைதான் பேச வேண்டும்.

வீட்டாருக்கு எழுதியிருப்பது: படுக்க வைக்காதீர்கள். உட்காரவைத்து, முன்னால் சாய்ந்து முழங்கைகளை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் மருந்துக் குழாய்) செருகி, ஒரு தடவைக்கு ஒரே பஃப் (ஒரு அழுத்து). இரண்டு மூன்றைச் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டாலோ உடனே 108.

ஆக்சிஜன்தான் எங்களுக்குக் கவலை. பதற்றத்தில் சிலிண்டரை முழுசாகத் திறந்துவிடுகிறார்கள். சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும். ஆள் அமைதியாகத் தூங்குவதுபோலத் தெரியும், ஆனால் அது மயக்கம். அதனால், கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களின் அட்டையில் ‘ரத்த ஆக்சிஜன் அளவு இலக்கு 88–92 சதவீதம்’ என்று மருத்துவர் கையெழுத்தோடு பெரிதாக இருக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான்: வண்டியில் ஆக்சிஜனில் ஓடும் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல மாற்றி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) மட்டும் இருந்தால், ‘6 நிமிடத்தில் நிறுத்தி, ஆக்சிஜனைப் பழைய அளவுக்குத் திருப்புங்கள்’ என்று எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவருமா? அட்டை எந்த நிறத்தில் இருந்தால் அவசரத்தில் கண்ணில் படும்? தயவுசெய்து எழுதுங்கள், அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுகிறோம்.